மாயாவியின் கையை விட முடியாதது ஏன்?

மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல் பிரிவு



போன செமஸ்டரில் மெஷின் லேபில் ஒரு சின்ன சம்பவம். பக்கத்து டேபிள் நண்பன் ஒருவன் கனெக்ஷன் கொடுக்கும்போது லேசாக ஷாக் வாங்கி, இரண்டடி பின்னால் துள்ளி விழுந்தான். எல்லோரும் பதறிப்போய் ஓடினோம். அவன் கையை உதறிக்கொண்டே, "ஒண்ணும் இல்லடா... நான் இன்னும் தெரியறேனா?" என்று கேட்டான். நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தோம். மற்றவர்கள் எங்களைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். லேப் சார் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, திரும்பிப் போகும்போது சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். அவரும் நம்ம ஆள்தான்!

சிரித்த எல்லோரும் இரும்புக்கை மாயாவி படித்தவர்கள்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் என்று ஒருவர். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, இரும்பில் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்து ஆளே மறைந்துபோனார். இரும்புக் கை மட்டும் மறையவில்லை. அந்தரத்தில் ஒரு கை மிதக்கும், ஆளைக் காணோம். இதுதான் மாயாவி. 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை. படம் போட்டவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அதை 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் தமிழில் கொண்டுவந்தார். முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான்.

சிவகாசி என்றால் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் என்றுதானே சொல்கிறோம்? நம்ம ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற ஊரிலிருந்துதான் தமிழ்நாடு முழுக்க மாயாவி போனார். 1984-ல் அவருடைய மகன் விஜயன், ஏறக்குறைய நம்ம வயசில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். நடுவில் தேக்கம் வந்து, 2012-ல் மறுபடி எழுந்து, 2022-ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயசும் ஆகிவிட்டது. கதை பிறந்த வேலியண்ட் பத்திரிகை 1976-லேயே மூடிவிட்டார்கள். தாய்வீட்டில் ஆள் இல்லை, வாக்கப்பட்ட வீட்டில் பொன்விழா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட மாயக் கதைகளைப் பிடித்தவர்கள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? பெரியவர்களைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "நிஜத்துல கஷ்டம், அதான் கனவுல மிதக்கிறான்." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கனவில் மிதக்கத்தான் படிக்கிறோம் என்றால், எல்லாம் முடிகிற ஹீரோவைத்தான் நமக்குப் பிடிக்க வேண்டும். மாயாவியால் எல்லாம் முடியாது. மறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் ஷாக் வாங்க வேண்டும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். கரண்ட் கிடைக்காத இடத்தில் மாட்டினால் தீர்ந்தது. மறைந்தாலும் கை காட்டிக் கொடுக்கும். நாம் பக்கத்தைப் புரட்டுவதே "இப்ப பிளக் பாயிண்ட் எங்கடா இருக்கு?" என்று அவருக்கு முன்னால் நாம் தேடுவதால்தான். (நிஜத்தில் முயற்சி செய்ய வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வீட்டு பிரேக்கர் டிரிப் ஆகும்படி வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. நாம் மறைய மாட்டோம், மாலைதான் விழும்.)

அம்புலிமாமாவில் வந்த வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். விக்கிரமன் வாயைத் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். எவ்வளவு பெரிய ராஜாவுக்கும் இரண்டு பக்கமும் அடைப்பு! ஹாரி பாட்டரில்கூட மறைக்கும் அங்கி ஒன்று உண்டு. பிள்ளைகள் மூன்று பேரும் வளர வளர அது காலை மறைக்கப் பத்தவில்லை. அந்த மாதிரி இடங்களில்தான் நான் கதைக்குள் விழுந்தேன், பறக்கிற துடைப்பத்தைப் பார்த்து விழவில்லை. முடிகிறதைவிட முடியாததுதான் நம்மைக் கட்டிப்போடுகிறது என்பது என் கட்சி.

எங்கள் தாய்மாமா அஞ்சாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தி, தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனால் எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த மாமாதான். ஒரு டிரங்குப் பெட்டியில் பன்னிரண்டு காமிக்ஸ் வைத்திருப்பார். சம்பளத்தில் மீத்து வாங்கியது. படத்தைப் பார்த்து, எழுத்தைக் கூட்டி, தானாகவே வாசிக்கப் பழகியிருக்கிறார். "படம் பாதி சொல்லிரும்டா மாப்ள, மீதியத்தான நம்ம படிக்கணும்" என்பார். அதில் ஒரு புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அட்டையும் இருக்காது. முடிவு என்ன மாமா என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். ஒரு தடவை வில்லன் கடலில் விழுவான், ஒரு தடவை திருந்திவிடுவான். நான் பத்தாவது படிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. அவர் அதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கும்போதே அந்தப் பக்கங்கள் இல்லையாம். முப்பது வருஷமாக மனுஷனுக்கே முடிவு தெரியாது!

இது இரண்டாவது காரணம் என்று நினைக்கிறேன். முடியாமல் நிற்கிற கதை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. கல்கி 1950-லிருந்து 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதியபோது வாரா வாரம் பத்திரிகைக்காகக் காத்திருந்தார்கள், பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்தார்கள். ஹாரி பாட்டர் ஏழு பாகமும் வந்து முடிய 1997-லிருந்து 2007 வரை ஆனது. முதல் பாகம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் கடைசிப் பாகத்தில் காலேஜ் முடித்திருப்பார்கள். கதாபாத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்தவனிடம் போய் "அது வெறும் கதைடா" என்றால் எப்படிக் கேட்பான்? இப்போது நம்ம ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் அனிமே பார்க்கிறவர்களும் இதே ஜாதிதான். யாரும் யாரையும் கேலி செய்ய வேண்டாம்.

கெடுதலே இல்லையா என்றால், இருக்கிறது. மறைக்க மாட்டேன். முதல் செமஸ்டரில் நான் கணக்கில் அரியர். அந்த நாட்களில் ஹாரி பாட்டர் முதல் பாகத்தைத் தமிழில் படித்து முடித்து, அடுத்தது ஆங்கிலத்தில்தான் கிடைத்தது என்று டிக்ஷனரியோடு உட்கார்ந்திருந்தேன். ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சோடு வந்து நின்றார். திட்டவில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது உன் பாடத்துலயா வருது?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அன்றைக்கு அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்கப்புறம் பரீட்சை முடியும் வரை கதைப் புத்தகம் தொடவில்லை, அரியரையும் கிளியர் செய்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு, எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து வார்த்தை தெரியாது. பதினொன்றாவது வார்த்தையில் மூடிவிடுவேன். ஹாரி பாட்டரில் ஒரு பக்கத்துக்கு இருபது வார்த்தை தெரியாது. மூடவில்லை! அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டுமே. தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போகவும், திரும்பி வந்து பிடிக்கவும் அங்கேதான் பழகினேன். இன்றைக்கு மெஷின்ஸ் புத்தகத்தை நானாகப் படிக்கிறேன் என்றால் அதில் அந்தக் குட்டி மந்திரவாதிக்கும் பங்கு உண்டு. கணக்கில் அரியர் வைத்ததும் அவன்தான், இதைக் கொடுத்ததும் அவன்தான்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு சார் இருந்தார். வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கேஸ் சொல்வார். "ஒரு மில்லுல மோட்டார். புதுசு. ஓவர்லோடு ரிலே நல்லா இருக்கு, பேரிங் நல்லா இருக்கு. ஆனா வாராவாரம் வைண்டிங் கருகுது. ஏன்?" என்பார். பெல் அடித்துவிடும். போய்விடுவார். எங்கள் வகுப்பில் அவருடைய பீரியடை மட்டும் யாரும் கட் அடிக்கவில்லை. டீக்கடையில் நின்று சண்டை போட்டோம், சிங்கிள் பேஸிங்கா, வோல்டேஜ் குறைவா, காற்றுப்பாதையில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று. எங்கள் அப்பாவிடம்கூடக் கேட்டேன். மில்லைப் பற்றி நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "பஞ்சு போய் அடைச்சிருக்கும்ப்பா, பாக்கச் சொல்லு" என்றார். அடுத்த வகுப்பில் சார் சொன்ன பதிலும் அதுவே!

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம்ம நூலகத்தில் சிலபஸுக்கு வெளியே ஒரு அலமாரி வேண்டும். காமிக்ஸ், பொன்னியின் செல்வன், ஹாரி பாட்டர், எது கிடைக்கிறதோ அது. பேரவை நிதியில் விளையாட்டு விழாவுக்கு வாங்குகிற ஷீல்டுகளில் இரண்டைக் குறைத்தால் போதும். பரீட்சை மாதத்தில் அந்த அலமாரிக்குப் பூட்டுப் போடட்டும், நானே சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

முதல் வைப்பாக மாமாவின் பன்னிரண்டில் பதினொன்றைத் தரத் தயார். மாமாவும் சம்மதித்துவிட்டார். பன்னிரண்டாவதைத் தரமாட்டாராம். மாயாவியின் கை மட்டும் ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற படத்தோடு அது நிற்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் புத்தகம் முழுசாக இருந்தால் தயவுசெய்து டிரிபிள் ஈ மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். மாமாவுக்கு ஒரு செட் ஜெராக்ஸ் போட வேண்டும்.