முகாமுக்கு முன்னே சப்பாத்து

இராணுவப் பயிற்சி என்றவுடன் துப்பாக்கியும் அணிவகுப்பும் அதட்டுங் குரலுமே நம்மவர் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அந்தப் பயிற்சியின் முதல் நாளிலேயே திடகாத்திரமான ஓர் இளைஞனைத் தரையில் உட்கார வைக்கவல்ல வஸ்து, அவன் காலில் கிடக்கும் புதுச் சப்பாத்துத்தான் என்பதை, ஒருமுறை போய்த் திரும்பியவர்களைத் தவிர வேறெவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கரையோரமாய்த் தொடர்ந்து கிடக்கும் நமது ஊர்களின் பாடசாலைகளில் மாணவர் படையணியிற் சேர்ந்து, அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை வழியாக ரந்தம்பே பயிற்சி நிலையத்துக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளையும், அவர்களுக்குப் பின்னர் முப்படைகளிலோ பொலிஸிலோ சேர விண்ணப்பிக்கும் வாலிபர்களையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறேன்.

மாணவர் படை இந்நாட்டுக்குப் புதிய விஷயமன்று. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் அதன் அதிபர் ஜோன் கல் அதனை ஆரம்பித்து வைத்தார். ஆயினும், அத்தனை பழமையுடைய ஒரு ஸ்தாபனத்தில் சேரும் பிள்ளைக்குச் சப்பாத்து எப்பொழுது கைக்கு வரவேண்டும் என்ற சின்னஞ்சிறு கேள்வியை நமது வீடுகளும் பாடசாலைகளும் இன்னும் பொருட்படுத்தவில்லை என்பதே என் முறைப்பாடு. புது உடுப்பைப் பெருநாள் காலைவரை மடிப்புக் கலையாமல் அலுமாரியில் வைப்பது போலவே, புதுச் சப்பாத்தையும் உம்மாமார் பெட்டியோடு பத்திரப்படுத்திவிடுகிறார்கள். பிள்ளை அதனை முதன்முதலாகக் காலில் மாட்டுவது முகாமின் வாசலில்.

நமது பகுதிப் பாதங்களின் சுபாவத்தையும் இங்கே கருதவேண்டும். கடற்கரை மணலிலும் வயல் வரம்பிலும் வெறுங்காலோடும், வீதியில் பாட்டாச் செருப்போடும் வளர்ந்த பாதம், விரல்கள் தாராளமாக விரிந்து, முன்புறம் அகன்று வளர்கின்றது. இது குறையன்று, ஆரோக்கியமே. மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பரிசோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், சப்பாத்தணிந்து வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் காணப்பட, வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 ஆகவே இருந்தது. ஆனால் அந்த ஆரோக்கியமான பாதத்தை, நீளத்தை மட்டும் அளந்து தெரிவு செய்த விறைத்த தோற் சப்பாத்துக்குள் ஒரே நாளில் திணித்தால், சின்ன விரலும் பெருவிரலின் மூட்டும் குதிகாலுமே முதலில் அபராதம் கட்டுகின்றன.

கொப்புளம் என்பது மேற்றோல் தேய்ந்துபோவதால் உண்டாவது எனப் பலர் நினைக்கிறார்கள், உண்மை அதுவன்று. வியர்வையால் நனைந்த மேற்றோல் மேசோடும் சப்பாத்தோடும் ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளிருக்கும் எலும்பு ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் அசைய, இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தோலின் அடுக்குகள் ஆயிரக்கணக்கான இழுபறிகளின் பின் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கின்றது. புதுச் சப்பாத்து மடிய வேண்டிய இடத்தில் மடியாதிருப்பதால் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழுந்து விழுகின்றது, இழுபறி பன்மடங்காகின்றது. இலேசாக ஈரமான தோலில் உராய்வு உலர்ந்த தோலிலும் அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஏனெனில், முஸ்லிம் மாணவனொருவனுக்கு இந்த ஈரம் வியர்வையால் மட்டும் வருவதன்று. ஸுபஹ் முதல் இஷாவரை வுளூச் செய்யும்போது கணுக்கால்வரை கழுவி, அணிவகுப்புக்கு நேரமாகிவிட்டதென்ற அவசரத்தில் விரலிடுக்கைத் துடையாமல் மேசை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடுபவன், கொப்புளத்துக்குத் தானே அழைப்புக் கொடுக்கிறான். இதற்காகத் தொழுகையைக் குறைகூறும் மூடத்தனம் எவருக்கும் வேண்டாம். ஒரு சிறு துவாயும் மாற்று மேசு ஒரு சோடியும் பையில் இருந்தாற் போதும். மேலும், பூரண வுளூவோடு அணிந்த, கணுக்காலை மூடிய, நடப்பதற்கு உறுதியான காலணியின் மீது, கழுவுவதற்குப் பதிலாக மஸ்ஹுச் செய்ய ஊரிலிருப்பவனுக்கு ஒரு நாளும் பயணிக்கு மூன்று நாட்களும் ஷரீஅத் சலுகை அளித்திருக்கிறது. இராணுவச் சப்பாத்துக்கு அது பொருந்தும் விதத்தையும் அதன் நிபந்தனைகளையும், பிள்ளைகள் பஸ் ஏறுமுன் பள்ளிவாசலில் உலமாக்கள் ஒரு மாலைப்பொழுதில் விளக்கிவிடலாம். அதைவிடப் பிரயோசனமான வழியனுப்பு உபசாரம் வேறொன்றை நான் காணேன்.

சப்பாத்தைப் பழக்குதல் அற்ப காரியம் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க இராணுவம் 1908இல் சப்பாத்துக்கெனவே ஒரு சபையை நியமித்து, எட்வர்ட் மன்சன் என்ற இராணுவ வைத்தியரின் தலைமையில் நான்கு வருடங்கள் ஏறக்குறைய 2,000 சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்தது. 1912இல் அவர் வெளியிட்ட நூலின் விதிகள் இன்றும் படிக்கத் தகுந்தவை. முதுகில் 40 இறாத்தற் பாரத்தைச் சுமந்து, முழு எடையையும் ஒரு காலில் ஊன்றி நிற்கும்போதே அளவெடுக்க வேண்டும். ஏனெனில் பாரம் ஏறும்போது பாதம் நீண்டு அகல்கின்றது. பின்பு, புதுச் சப்பாத்தோடு இரண்டரை அங்குல நீரில் ஐந்து நிமிஷம் நின்று, தோல் இளகியதும் சமதரையில் ஒரு மணிநேரம் நடந்து, காலிலேயே அதனை உலரவிட வேண்டும். அவ்வாறு உலரும் தோல் அந்தப் பாதத்தின் மேடுபள்ளங்களை ஏற்றுக்கொண்டு விடும்.

அந்த நீர் வைத்தியம் முழுத்தோலால் தைத்த பழைய சப்பாத்துக்கு ஏற்றது. பசையால் அடி ஒட்டிய, பக்கத்தில் துணி வைத்த இக்காலத்துச் சப்பாத்துக்கு அதனைப் பரீட்சிக்க வேண்டாம். கடல்நீரோ எதற்குமே ஆகாது, உப்பு தோலை விறைக்கச் செய்யும். நனைந்ததை அடுப்பருகே உலர்த்துவதும் தோலை வெடிக்கச் செய்யும். நமக்கு வேண்டியது பொறுமையொன்றே: பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அணியப்போகும் மேசோடேயே அளவு பார்த்து வாங்கி, முதல் வாரம் வீட்டுக்குள் அரைமணி, ஒருமணியென அணிந்து, பின்னர் கடைத்தெருவுக்கும் ரியூஷனுக்கும் அதனோடேயே போய்வந்து, கடைசி வாரங்களில் புத்தகப் பையைச் சுமந்து சில மைல்கள் நடக்கட்டும். கடற்கரையில் நடந்து பழக்குவது வீண். மணல் தானே விட்டுக்கொடுத்து விடுவதால் சப்பாத்தின் அடி மடிவதில்லை. தார் வீதியும், சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்குள் ஓடும் கிறவல் பாதையுமே தகுந்தவை. எங்கேனும் சிவந்து சூடேறினால், கொப்புளமாகும்வரை காத்திராமல் அப்பொழுதே கழற்றி, அவ்விடத்தில் பிளாஸ்டர் ஒட்டுக. மெல்லிய செயற்கை இழை மேசொன்றை உள்ளேயும் தடித்ததை வெளியேயும் அணிந்தால் கொப்புளம் குறைகிறதென்று அமெரிக்க மரைன் படையில் பயிற்சி பெறுவோரிடம் நடத்திய ஆய்வு 1996இல் காட்டியது.

கொப்புளமும் பயிற்சியின் ஒரு பகுதிதான், அதைத் தாங்கினால்தான் ஆண்பிள்ளை என்று உபதேசிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அமெரிக்க ஜனாதிபதி கூலிஜின் பதினாறு வயது மகன், மேசில்லாமல் டென்னிஸ் ஆடி விரலில் உண்டான கொப்புளம் விஷமேறி 1924 ஜூலையில் மாண்டான். இன்று மருந்துண்டு, மரணம் அபூர்வம். ஆனால் நொண்டிக்கொண்டு வைத்திய அறையில் கிடப்பவன் எந்த வீரத்தைக் கற்கிறான்? 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களை இராணுவ முகாம்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கியபோது, அதன் நியாயம் அநியாயம் பற்றியும் நமது பெண்பிள்ளைகளின் உடை பற்றியும் எவ்வளவோ வாதித்தோம். அவை அவசியமான வாதங்களே. பாதத்தைப் பற்றி எவரும் வாய்திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆகவே, அதிபர்களிடமும் படையணிப் பொறுப்பாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: முகாமின் திகதி தெரிந்தவுடன், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன், சப்பாத்து பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். மூத்தவன் விட்டுச்சென்ற சோடி அளவிற் சரியாக இருந்தாலும் அது அவனுடைய பாதத்துக்கு வளைந்தது. இயலுமானவரை அதனைத் தவிர்த்து, இயலாவிடின் அதையும் புதியதாகவே பாவித்துப் பழக்குங்கள். வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பழைய மாணவர் சங்கங்கள் உதவட்டும். பரிசளிப்பு விழாக்களில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் பல சோடிகள் வாங்கலாம்.

உம்மாமாரே, அந்தப் பெட்டியை இன்றே திறந்து பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.