கோயிலுக்கு வருகிறேன், கருவி வேண்டாம்



ஞாயிறன்று நெல்லிக்குப்பத்திலிருந்து திருவதிகை கோயில், அப்படியே மருங்கூர்ப் பக்கம் மெட்டல் டிடெக்டரோடு ஒரு சுற்று என்று திட்டம் போடுகிறீர்களாம். கோயிலுக்கு நானும் வருகிறேன். கருவி வேண்டாம்.

மருங்கூர் 2024-இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர். 1945-இல் அரிக்கமேட்டில் வீலர் தோண்டியபோது காலத்தைச் சொன்னது தங்கமல்ல, ரோமானியப் பானை ஓடுகள். அவை கிடந்த மண்ணடுக்கு. உங்கள் கருவி ஓட்டுக்குச் சத்தம் போடாது. ஒரு காசுக்காக நீங்கள் வெட்டும் குழி அந்த அடுக்கைக் கலைத்துவிடும். கலைந்ததை எந்த ஆய்வாளராலும் திரும்ப அடுக்க முடியாது.

"பொழுதுபோக்குத்தானே சார்?" என்பீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுங்கள். தொடாமல் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். புத்தகத்தில் பக்கம் கிழித்தவனை நான் விட்டதில்லை, இதுவும் புத்தகம்தான்.