பெயர் மறைத்த மணம்



தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாங்கும் தாய், இன்ன பூவென்று அறிந்தே வாங்குகின்றாள். மாறாமலைக் கிராம்பும் அங்ஙனமே. ஆயின், அவள் வீட்டு வழலையிலும், துணித்தூளிலும், தரை கழுவும் நீர்மத்திலும், கழிவறைத் தெளிப்பிலும் கமழ்கின்றதே ஒரு மணம், அதன் பெயர் என்ன? உறையைத் திருப்பிப் பாருங்கள்! பெரும்பாலானவற்றில் 'மணப்பொருள்' எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல், அவ்வளவே. அவ்வொரு சொல்லுக்குள் எத்தனை வேதிப்பொருள்கள் ஒளிந்துள்ளன என்பதை விற்பவனே அறிவான்.

இது வெற்றச்சமன்று. மேனாட்டு வெண்மலர் ஒன்றன் மணத்தைப் போலியாகத் தருவது 'இலிலியால்' என்னும் வேதிப்பொருள். வழலைகளிலும் மேனிப்பூச்சுகளிலும் பல்லாண்டு கலக்கப்பெற்ற அது, விலங்காய்வுகளில் கருவளத்தைக் கெடுத்தமையால், 2022 மார்ச்சு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பனைப் பொருள்களினின்று விலக்கப்பட்டது. எலுமிச்சை மணத்திற்கெனச் சேர்க்கும் இலிமோனீன், அறைக்காற்றில் ஓசோனோடு வினைப்பட்டுப் பார்மால்டிகைடை ஈனும். அது புற்றுநோய் விளைப்பதென, உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வரையறுத்தது. மூச்சிரைப்புடைய குழந்தையை வைத்துக்கொண்டு, கதவடைத்த அறையில் மணம் தெளிப்பது அறிவுடைமையோ?

இயற்கை மணமெல்லாம் தீங்கற்றது என்றும் யாம் கூறோம். கிராம்பிலுள்ள யூசினாலும் சிலர் தோலுக்கு ஒவ்வாததே. அதனாலன்றோ, யூசினால் உள்ளிட்ட 26 மணப்பொருள்களை, குறித்த அளவு கடப்பின், ஒப்பனைப் பொருள்களின் உறைமேல் பெயர்சுட்டி எழுதுக என ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலேயே சட்டம் செய்தது! 2023-இல் அப்பட்டியல் எண்பதையும் கடந்தது. பெயரறிந்தவன் விலகுவான், அறியாதவன் எங்ஙனம் விலகுவான்?

பெயரை எழுதினும், தாயறியா மொழியில் எழுதின் என்ன பயன்? தமிழன் காசு வேண்டும். தமிழ் மட்டும் வேண்டாவோ? உறைமேல் தமிழ் கேட்பது மொழிவெறியன்று, உயிர்க்காப்பு. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் உறையிலும், மணப்பொருள்களின் பெயரும் அவற்றின் தீங்கும் தமிழில் பொறிக்கப்படல் வேண்டும். இதனைச் சட்டமாக்குமாறு ஊர்தோறும் குரலெழுப்புக!

அதுகாறும் மணமற்ற வழலையைக் கேட்டு வாங்குக. பலகணிகளைத் திறந்து வைக்க. பெயர் சொல்லா மணத்தை வாயிலிலேயே நிறுத்துக!