பழைய கேஸ் ஷீட்டுகளை அழிக்க விடாதீர்கள்



பழைய கேஸ் ஷீட்டுகளை இந்த மாதக் கடைசியில் கழித்துவிடப் போவதாக நம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் மூத்திரப்பாதையில் ஆபரேஷன் ஆன எங்களில் பலருக்கு என்ன செய்தார்கள் என்பது அந்தக் கட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.

போன மாதம் நடந்தது ஊருக்கே தெரியும். 24 வயதுப் பையனை வயிற்றுவலி என்று ராத்திரியில் கொண்டுபோனார்கள். அடிவயிற்றில் நீளத் தழும்பு. "சின்ன வயசுல ஏதோ ஆபரேஷன்" என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விடியும்வரை அல்சருக்கு மருந்து ஏற்றினார்கள். குடலில் ஒரு துண்டை எடுத்து மூத்திரப்பையில் வைத்துத் தைத்துப் பெரிதாக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த இடம் கிழிந்திருந்தது. அப்படித் தைத்த பையைப் பெரும்பாலும் ஆயுசுக்கும் டியூப் போட்டுக் காலி செய்ய வேண்டும். கல் சேரலாம், பி12 குறையலாம், கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. ஹாஸ்டலில் வெட்கப்பட்டு டியூபை விட்டவனுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? டியூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டோம். பேப்பர் இருந்தால்தானே பார்ப்பார்!

2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி, உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைத்திருந்தால் போதும். 2 வயதில் ஆபரேஷன் ஆன பிள்ளையின் காகிதம், அது யூ.கே.ஜி. போகும்போது குப்பைக்குப் போகலாம்!

யாரோ ஒன்றிரண்டு பேர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் துவாரம் இடம்மாறிப் பிறக்கும் ஆண் குழந்தைகளே சுமார் 200–300க்கு ஒருவர். மூத்திரக் குழாயில் வால்வு அடைப்போடு பிறப்பவர்கள் ஆண் குழந்தைகளில் 5,000–8,000க்கு ஒருவர். அவர்களில் பலருக்கு வளர்ந்தபின் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போகிறது. விதை இறங்காமல் பிறந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்த பிறகும் விதைப்புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறார் நலத் திட்டமோ 18 வயதோடு கையை விரிக்கிறது.

பெற்றோரே, உங்களையும் சும்மா விட முடியாது. பெண் கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டினீர்கள். சிலர் கிழித்தே போட்டீர்கள். பிள்ளையிடமே மறைத்து யாரைக் காப்பாற்றினீர்கள்?

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்றும் அதே மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். ஆபரேஷன் நோட்ஸும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போதும். வரும் திங்கள் காலை 9 மணி முதல் ரெக்கார்டு ரூம் வாசலில் இருப்போம். மனு எழுதித் தருகிறோம்.

நிர்வாகத்துக்கு ஒரே வார்த்தை: குழந்தைகள் அறுவைப் பிரிவின் கட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். அதைச் செய்யாமல் லாரியை வரவழைத்தால், மறிப்போம்.

இப்படிக்கு,
சிறுவயதில் சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் பெற்றோரும்