படகோட்டிக்கு எத்தனையாவது இடம்?

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)



போன வருஷ மலரில் கவிதை என்ற பெயரில் பன்னிரண்டு வரி எழுதி உங்களைச் சோதித்தவன் நான்தான். இந்த வருஷம் கவிதை இல்லை. பயப்படாமல் படிக்கலாம். இது ஒரு வழக்கு. வாதி நான். பிரதிவாதி நம் விடுதி முழுவதும். நீதிபதியாக யாரை வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆண்டு விழாவுக்கு முதல்நாள் ராத்திரி விடுதி மைதானத்தில் திரை கட்டி ஒரு பழைய படம் போடுவது என்று மாணவர் மன்றத்தில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். எந்தப் படம் என்பதில் சண்டை வந்தது. கடைசியில், "அறுபதுகளில் வந்த படம் மட்டும். ஆளுக்குப் பத்துப் படம் எழுதிக் கொடுங்க. முதலிடத்துக்குப் பத்து மார்க், பத்தாவது இடத்துக்கு ஒரு மார்க். கூட்டிப் பார்த்து எது முதலில் வருதோ அதைப் போடலாம்" என்று தீர்மானித்தார்கள். இன்டர்னல் மார்க் போட்டே பழகிய இடம் அல்லவா, சினிமாவுக்கும் மார்க் சீட் அடித்துவிட்டோம்!

கர்ணன் முதலிடம். திருவிளையாடல், காதலிக்க நேரமில்லை, எங்க வீட்டுப் பிள்ளை, தில்லானா மோகனாம்பாள், ஆயிரத்தில் ஒருவன், புதிய பறவை, சர்வர் சுந்தரம், பாசமலர், நவராத்திரி என்று வரிசை போனது. நான் முதலிடம் கொடுத்த படகோட்டி பதினான்காவது. மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கத்தினேன். "டேய், அது உங்க ஊரு படம், அதனால சொல்றே" என்றான் ஆரணிக்காரன். இன்னொருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு மெஸ்ல கருவாடா?" என்றான். சிரிப்பு. நானும் சிரித்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்து மூன்று வருஷம் விடுதியில் இருப்பவனுக்கு அந்தச் சிரிப்பு பழக்கம்தான்.

ஆனால் விஷயத்தை அத்தோடு விடவில்லை.

முதலில் கர்ணனைப் பார்ப்போம். பந்துலு எடுத்த படம், 1964 பொங்கலுக்கு வந்தது. அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் 1964-ல் வந்த படம் நம் விடுதியில் எப்படி இத்தனை பேர் மனதில் இருக்கிறது? 2012-ல் அதைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. நம்மில் பல பேரை அப்பாக்கள் கையைப் பிடித்துத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கணக்கெடுத்துப் பார்த்தேன். கர்ணனுக்கு மார்க் போட்டவர்களில் பாதிப் பேர் பார்த்தது அந்த ஒரு சிவாஜி படம்தான்! மற்ற படங்களையெல்லாம் பாட்டு சேனலிலும் செல்போனிலும் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். முழுப் படமும் பார்க்காமல் மார்க் போடுவது, ரெக்கார்டு நோட்டைத் திறக்காமலே கையெழுத்துப் போடுவது மாதிரி.

அதே 1964-ல் தீபாவளியன்று, நவம்பர் 3-ஆம் தேதி, சிவாஜியின் நூறாவது படம் நவராத்திரி வந்தது, ஒன்பது வேடம். அவருடைய முரடன் முத்துவும் அன்றைக்கே வந்தது. எம்.ஜி.ஆரின் படகோட்டியும் அன்றைக்குத்தான். அந்தக் காலத்து ரசிகர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்க ஆயாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. படகோட்டி பொன்னேரிப் பக்கம் கொட்டகைக்கு வர மாசங்கள் ஆனதாம். அன்றைக்குப் பாலம் கிடையாது. படகில் ஏரியைத் தாண்டி, அந்தக் கரையில் மாட்டு வண்டி பிடித்து, சோறு கட்டிக்கொண்டு போனார்களாம். தரை டிக்கெட். மணலைக் கூட்டி மேடாக்கி உட்காருவது. "படம் எப்படி ஆயா இருந்துச்சு?" என்றேன். "கலர்ல இருந்துச்சுடா. தண்ணி தண்ணி மாதிரியே இருந்துச்சு. ஆனா அந்தாளு ஒரு வாட்டி கூட வலையில கிழிசல் பாக்கல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கட்சி சாட்சியே இப்படி!

அதற்குப் பிறகு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆயா சொன்னது நியாயம்தான். எங்கள் ஏரி பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணி. துடுப்பைவிடக் கழிதான் அதிகம். கழி ஊன்றி ஊன்றி உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். எம்.ஜி.ஆர் உள்ளங்கையில் காய்ப்பு தெரியவில்லை. சரி, அது சினிமா.

எனக்கு உறுத்தியது வேறு. படத்தில் இரண்டு மீனவக் கூட்டங்கள், ஜென்மப் பகை. மூட்டிவிடுபவர் நம்பியார். மீனை அடிமாட்டு விலைக்கு எடுத்து, இரண்டு பக்கத்தையும் மோதவிட்டு லாபம் பார்ப்பவர். கடைசியில் அவர் முகமூடி கிழிந்ததும் இரண்டு கூட்டமும் ஒன்று சேர்ந்துவிடுகிறது. கைதட்டல்!

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்தக் குழு, எந்த முறையில் வலை போடுவது என்று தலைக்கட்டுக்காரர்கள் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பார்த்து முடிவு செய்வது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கும் இடம் எல்லாருக்கும் முறை வைத்துத்தான் வரும். எந்த ஆபீசிலும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பரம்பரையாக நடக்கிறது. சண்டையும் இதில்தான். பாடு உள்ளவன், பாடு இல்லாதவன். இந்த வலை, அந்த வலை. இந்தக் குப்பம், அந்தக் குப்பம். என் நைனாவின் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் போட்டவர் கடனுக்கு மீன் எடுக்கும் வியாபாரி இல்லை. பக்கத்துக் குப்பத்துக்காரர், நைனாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். நம்பியார் ஒருத்தர் இருந்திருந்தால் எவ்வளவு வசதி! அவரை ஒழித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து பாடிக்கொண்டு படகேறியிருக்கலாம்.

ஆக, படகோட்டிக்கு நான் போட்ட பத்து மார்க்கில் நானே கை வைக்க வேண்டியதாகிவிட்டது. சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "மீனவர் படம்னா அது செம்மீன்தான்டா. மத்ததெல்லாம் செட்" என்றான். மலையாளப் படம், லிஸ்டில் சேராது என்றேன். "தமிழ்னு ரூல்ல எங்க இருக்கு? அறுபதுகள்னுதானே சொன்னாங்க?" என்றான். பாயின்ட்! (ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திரா. அங்கே கேட்டால் 1963-ல் வந்த நர்த்தனசாலாவைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த வழக்கை இன்னொரு மலரில் வைத்துக்கொள்ளலாம்.)

செம்மீன் 1965-ல் வந்தது. தகழியின் நாவல், ராமு காரியாட்டின் இயக்கம், மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா, சலில் சௌத்ரியின் இசை. தென்னிந்தியப் படங்களில் முதன்முதலாக ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கியது இதுதான். நாவலை சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார், தேடிப் படியுங்கள். வேடிக்கை என்னவென்றால், படகோட்டியில் வியாபாரி மீனவனை ஏமாற்றுகிறான்; செம்மீனில் பரீக்குட்டி என்கிற வியாபாரியிடம் பணம் வாங்கிப் படகும் வலையும் வாங்கிவிட்டு, அவனை நட்டாற்றில் விடுவது மீனவனான செம்பன்குஞ்சு. எங்களையும் பேராசைக்காரனாக, பொய் சொல்பவனாக, அதாவது மனுஷனாகக் காட்டிய படம். அந்த விஷயத்தில் செம்மீனுக்கு எழுந்து நின்று கைதட்டுவேன்.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அதைச் செல்போனில் போட்டேன். அம்மாவும் சித்தியும் நண்டு பிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பாஷை முக்கால்வாசி புரிந்தது, மீதியை நான் சொன்னேன். அந்தக் கதைக்கு ஆதாரமே ஒரு நம்பிக்கைதான். கரையில் இருக்கும் பெண்டாட்டி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் உயிரோடு திரும்புவான், தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்பது. அதை நான் தமிழில் சொல்லி முடித்தேன். சித்தி நண்டைக் கூடையில் போட்டுவிட்டு, "அத நிறுத்துடா" என்றாள்.

எனக்கு உறைக்கவே இல்லை. சித்தப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. முகத்துவாரத்தில் மணல் தூர்ந்துகிடந்த நேரம், அலையில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். அவர் வரவில்லை. அதற்குக் காரணம் மணல் திட்டு என்று குப்பத்தில் குழந்தைக்குக் கூடத் தெரியும். இருந்தும் துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பது அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனாக இருந்த எனக்கும் காதில் விழுந்தது. நான் மறந்துவிட்டேன். சித்தி மறக்கவில்லை.

அம்மாதான் பேசினாள். "சுனாமியில எத்தினி பேரு போனாங்க? அவங்க பொண்டாட்டிங்க எல்லாம் கெட்டவங்களாடா? வூட்டுக்குள்ள இருந்த பொம்பளைங்களும் புள்ளைங்களும்தான போனாங்க, அது எவன் பண்ண தப்பு? இதுக்கா மெடல் குடுத்தாங்க?"

தோழர்களே, இதற்கு என்ன மார்க் போடுவது? படம் அந்த நம்பிக்கையை ஒத்துக்கொள்ளவில்லை, அதில் சிக்கிச் சாகிறவர்களைத்தான் காட்டுகிறது என்று என்னால் வாதாட முடியும். கட்டுரைப் போட்டி என்றால் வாதாடிப் பரிசும் வாங்குவேன். அந்தத் திண்ணையில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

லண்டனில் சைட் அண்ட் சவுண்ட் என்று ஒரு சினிமாப் பத்திரிகை இருக்கிறது. 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலகத்திலேயே சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் ஓட்டு வாங்குகிறது. முதல் தடவை பைசைக்கிள் தீவ்ஸ். 1962 தொடங்கி 2002 வரை ஐந்து தடவை தொடர்ந்து சிட்டிசன் கேன். 2012-ல் வெர்டிகோ. அப்போது ஓட்டுப் போட்டவர்கள் 846 பேர். 2022-ல் 1639 பேரிடம் கேட்டார்கள். உடனே முதலிடம் மாறியது. ஷாந்தால் ஆக்கர்மான் என்ற பெண் இயக்குநர் 1975-ல் எடுத்த ழான் டீல்மான் மேலே வந்தது. ஒரு விதவையின் வீட்டு வேலையை, உருளைக்கிழங்கு உரிப்பது உட்பட, மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டுகிற படம். பெரிய பெரிய ஆட்கள் கோபப்பட்டார்கள். படம் 1975-லிருந்து அதே படம்தான். கேட்கப்பட்ட ஆட்கள்தான் மாறினார்கள்.

நம் விடுதி லிஸ்டையும் அப்படிப் பாருங்கள். ஆண்கள் விடுதியில் மட்டும் கேட்டோம். எதிரில் இருக்கும் பெண்கள் விடுதியில் ஒரு பேப்பர் கூடக் கொடுக்கவில்லை. மெஸ்ஸில் சமைக்கும் அண்ணன் அறுபதுகளின் படங்களைக் கொட்டகையில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர், அவரிடமும் கேட்கவில்லை. நானே ஆயாவிடம் கேட்டது தோற்ற பிறகுதான்.

என் கட்சி இதுதான். லிஸ்ட் போடுவது தப்பு என்று சொல்ல மாட்டேன். லிஸ்ட் போட்டதால்தான் இத்தனை படம் முழுசாகப் பார்த்தேன், ஆயாவிடம் இத்தனை நேரம் பேசினேன். என் ஆட்சேபணை மார்க்கைக் கூட்டியதில்தான். கூட்டினவுடனே யார் எதற்காகச் சொன்னார்கள் என்பது காணாமல் போய்விடுகிறது. அடுத்த வருஷம் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு வரி காரணம் எழுதச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம். அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எந்தப் படம் போடுவது என்பதற்கு எங்கள் ஊர்ப் பாடு மாதிரி சீட்டுக் குலுக்கலாம். இந்த வருஷம் கர்ணன், அடுத்த வருஷம் வேறு ஆளின் முறை.

படகோட்டியை என் லிஸ்டில் முதலிடத்திலிருந்து ஆறாவதுக்கு இறக்கிவிட்டேன். லிஸ்டை விட்டு மட்டும் எடுக்க மாட்டேன். மீன் விற்கிறவளின் பையனும் திரையில் கதாநாயகனாக நிற்கலாம் என்று ஆயா முதன்முதலில் பார்த்தது அந்தக் கொட்டகை மணலில்தான். வலையில் கிழிசல் பார்க்காவிட்டால் போகட்டும். செம்மீனுக்கு இன்னும் இடம் போடவில்லை, கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து கிளம்புகிற அன்றைக்குச் சித்தியிடமும் கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கொடுவாக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள் (மூக்கைப் பிடித்த நண்பன்தான் அதில் பாதியைச் சாப்பிட்டான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்). "பத்துப் படமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோ. காதலிக்க நேரமில்லை."

நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடத்துக்காகவா என்றேன்.

"அதுவும்தான். அந்தப் படத்துல யாரும் சாவல."