தேரி நிலமும் கரித்தூளும்

நம் சங்கத்து அன்பர்களுள் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்தினர் தேரியை நன்கறிவர். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் மழை ஈரம் நெடுநாள் தங்குவதில்லை. இட்ட எருவும் அவ்வாறே மறைந்துபோகிறது. ஊர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மைசூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு, அந்நிலம் ஆண்டுக்காண்டு சாரம் இழப்பது கவலைக்குரிய செய்தியேயாகும்.

எரு மறைவதற்குக் காரணம் யாது? களிமண் மிகுந்த நிலத்தில் மட்கிய பொருள் களித்துகளோடு ஒட்டி, நுண்ணுயிர்களுக்கு எளிதில் அகப்படாமல் நிற்கும். மணலில் அப்பற்றுக்கோடு இல்லை. வெப்பமும் காற்றோட்டமும் சேர, நுண்ணுயிர்கள் எருவை விரைவில் தின்று தீர்க்கின்றன. அதிலுள்ள கரிமம் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் ஒரு பார்லிப் பாத்திக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழு உரம் இட்டு நிறுத்தினர். நூறாண்டு கடந்தும் அதன் எச்சம் மண்ணில் காணப்பட்டது. ஆனால் அது குளிர்நாட்டுக் கனத்த மண். தேரியில் அந்நிலைப்பை எதிர்பார்த்தல் இயலாது.

மூட்டமிட்டு, காற்று மிகக் குறைவாகப் புகும்படி எரித்த கரியின் தன்மை வேறு. நுண்ணுயிர்கள் அதனை எளிதில் சிதைக்க மாட்டா. அமேசான் காட்டுப் பகுதியில் பழங்குடிகள் கரியும் எலும்பும் அடுப்பங்கரைக் கழிவும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் வளங்குன்றாதிருக்கிறது. கரியின் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும்.

எனினும் கரி உணவன்று, பாத்திரமே. வெறுங்கரியை இட்டால் அது மண்ணிலுள்ள சத்தையே முதலில் உறிஞ்சக்கூடும். ஆகவே பத்துக் கூடை எருவுக்கு ஒரு கூடை கரித்தூள் என்ற அளவில் குப்பைக்குழியில் கலந்து, சாணக்கரைசல் தெளித்துச் சில வாரங்கள் ஊறவிடுதல் நன்று. தூள் பறவாதிருக்க முன்னரே நனைத்துக்கொள்க. கரி காரத்தன்மை உடையதாதலின், உவர் நிலத்துக்கும் சுண்ணாம்பு மிக்க நிலத்துக்கும் ஏற்றதன்று. மண் பரிசோதனை முந்துக. அவ்வறிக்கையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருப்பின் குறைவு என்று பொருள்.

செலவையும் கணக்கிடுவோம். ஓர் ஏக்கரில் அரையடி ஆழத்து மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் கரிமம் 0.1 சதவீதம் உயர 900 கிலோ கரிமம் தேவை. அதற்குச் சுமார் 1,300 கிலோ கரி வேண்டும். நிலம் முழுவதும் இறைப்பது எளிதன்று. முந்திரி, முருங்கை நடும் குழிகளில் மட்டும் இடுவதே சிக்கனம். இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலங்கரி மூட்டமிடும் இடங்களில் விற்பனைக்கு ஆகாத கரித்தூளை விசாரிக்கலாம். இதற்கென்று நல்ல மரங்களை வெட்டுதல் தகாது.

கரி வந்ததென்று எருவைக் கைவிடவும் கூடாது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகச் செம்மண்ணில் 1986-இல் தொடங்கிய நெடுங்காலச் சோதனையில், ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்தியினும், அதனோடு தொழு உரமும் பெற்ற பாத்தியே மிகுந்த கேழ்வரகு தந்தது.

இனி, இச்செலவை ஏற்பவர் யார்? பல்லாண்டு நிற்கும் பயனுக்கு ஓராண்டுக் குத்தகைக்காரர் பணம் போடுவார் என எண்ணுதல் நியாயமன்று. கரியின் விலையை நிலத்துக்குரியவர் ஏற்க வேண்டும். எருவும் உழைப்பும் குத்தகைக்காரர் பொறுப்பாகலாம். குத்தகையும் ஐந்தாண்டுக்கேனும் நீளவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், குத்தகைப் பணத்தை எண்ணி வாங்குமுன் வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்ப்பார்களாக.