மோட்டார் வைத்தியம்

புவனகிரியிலுள்ள என் நண்பரின் வாகனம் ஒரு பழைய அம்பாஸடர் டீஸல் வண்டி. அந்த வண்டி செய்வதை 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஸிலிண்டர் ஹெட் விண்டால் வேறு தேடிப் பிடிப்பது பிரம்மப் பிரயத்தனம். இந்நிலையில் இஞ்செக்டர் ஒன்று கழல மறுத்தது. நண்பர் சுத்தியலைத் தூக்கிவிட்டார்!

"வேண்டாம் ஐயா, பல்லைப் போல் ஆட்டித்தான் எடுக்கவேண்டும்" என்று தடுத்தார் மெக்கானிக். மூக்கைச் சுற்றிக் கரி இறுகியிருந்ததாம். துரு நீக்கும் எண்ணெயை விட்டு இரவெல்லாம் ஊறவைத்தார். காலையில் இருபுறமும் மாறி மாறி மெல்ல நெம்பவே, இளகி வந்தது. கரித் துணுக்கு உள்ளே விழுந்தால் பிஸ்டனுக்கு ஆபத்தல்லவா? உடனே துவாரத்தைத் துணியால் அடைத்தார். பழைய செப்பு வாஷரோ அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதியதை வைத்தால் அழுத்தம் கசியும். ஆகவே கொக்கியிட்டு அதையும் எடுத்தார்.

இஞ்செக்டர் சோதனைக்காகச் சிதம்பரம் போயிருக்கிறது. நண்பர் பஸ்ஸில் போய்வருகிறார்.